பென்சில் பிள்ளைகள்

2007 ஆகஸ்ட் 13ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு, உப்போடை அரசு மேல்நிலைப்பள்ளியின் இரும்புக் கதவுக்கு வெளியே ஏழு வயது மதிக்கத்தக்க பதினெட்டுக் குழந்தைகள் வரிசையாக வந்து நின்றார்கள். அவர்களை முதலில் பார்த்து, விரல் விட்டு எண்ணி, சரிபார்க்க மறுபடியும் எண்ணியவள் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பிரிவின் வகுப்புத் தலைவி இசக்கியம்மாள். எட்டுப் பெண், பத்து ஆண். அவள் ஆச்சரியப்படவில்லை. வரிசையின் கடைசியில் நின்ற பெண்ணின் இடது காது வலது காதைவிட அரை அங்குலம் மேலே இருந்தது. வெள்ளிக்கிழமை படம் வரைந்தபோது அந்தக் காதைத் தான் கொஞ்சம் ஏற்றிப் போட்டுவிட்டது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆகவே வந்திருப்பது யார் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

“உள்ள வாட்டி, வெயில்ல நிக்காத,” என்றாள். பதினெட்டுப் பேரும் உள்ளே வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை நடந்தது இதுதான். விலங்கியல் எடுத்த கனகமணி டீச்சர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், உப்போடைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, மரபியலை வாயால் நடத்துவதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஆளுக்கொரு புழக்கத்தில் இல்லாத பத்துப் பைசா கொண்டுவரச் சொன்னார். வீட்டுக்குப் போய் அப்பா அம்மா இருவரின் காது மடலையும் தாடையையும் முடியையும் கட்டைவிரலையும் பார்த்து எழுதி வரச் சொன்னார். வியாழக்கிழமை சாயங்காலம் முழுக்க ஊரில் முப்பத்தாறு வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் பெற்றவர்களின் முகத்துக்கு நேராகக் குனிந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காசின் ஒரு பக்கம் தகப்பன் வழி வந்தது, மறு பக்கம் தாய் வழி வந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஆளுக்கொரு காசைச் சுண்டினால் விழுகிற இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு பிள்ளையின் காது ஆகும். மறுபடி சுண்டினால் தாடை. மறுபடி சுண்டினால் முடி.

“ஓங்கு பண்பு ஒண்ணு விழுந்தாலே போதும், வெளிய தெரியும். ஒடுங்கு பண்பு ரெண்டு பக்கமும் விழுந்தாத்தான் தெரியும்,” என்றார் டீச்சர்.

“அப்ப மேலத்தெரு ஓங்கு, காலனி ஒடுங்குன்னு வச்சுக்கிடலாமா டீச்சர்?” என்று பின்பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான், பாதி வகுப்பு சிரித்தது, பாதி வகுப்பு சிரிக்கவில்லை.

“ஒடுங்குன்னா ஒழிஞ்சு போறதில்லடே,” என்றார் டீச்சர். “உனக்குள்ளயும் இருக்கும், உனக்குத் தெரியாது. ரெண்டு பக்கமும் சேந்தா எந்திரிச்சு நிக்கும்.”

அதற்குப் பிறகுதான் அவர் உப்போடையில் பிறந்த எவரும் செய்யாத காரியத்தைச் செய்தார். அந்த வகுப்பில் இடப்பக்கம் மேலத்தெருப் பிள்ளைகளும் வலப்பக்கம் காலனிப் பிள்ளைகளும் ஆறாம் வகுப்பிலிருந்து உட்கார்ந்து வந்தார்கள். யாரும் சொல்லி உட்கார்ந்ததல்ல, யாரும் மாற்றியும் உட்கார்ந்ததில்லை. டீச்சர் பதினெட்டுப் பையன்களின் பெயரை ஒரு சாக்பீஸ் டப்பாவிலும் பதினெட்டுப் பெண்களின் பெயரை இன்னொரு டப்பாவிலும் சீட்டெழுதிப் போட்டுக் குலுக்கினார். பெயர்கள் ஜோடி ஜோடியாக வெளியே வந்தன, மேலத்தெருவும் காலனியும் கலந்து.

“யாரும் யாருக்கும் மாலை போடப் போறதில்ல. காசு சுண்டப் போறீங்க. அவ்வளவுதான்,” என்றார்.

மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கும் கருத்தப்பாண்டியின் மகள் இசக்கிக்கு, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் வெங்கடபதியின் மகன் ராமசுப்பு விழுந்தான். ஆறு வருடம் ஒரே வகுப்பில் படித்தும் அவர்கள் பேசிக்கொண்டதில்லை. அன்று அவன் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை, “பூவா தலையா?” என்பது. முடி சுருட்டை விழுந்தது, தாடையில் குழி விழுந்தது, காது மடல் ஒட்டி விழுந்தது, பெண் விழுந்தது. இசக்கி தன் ரெக்கார்டு நோட்டில் வரைந்தாள். ஜோடிக்கு ஒரு படம், அதுவும் பென்சிலில், ஏனென்றால் ரெக்கார்டு நோட்டில் எந்தப் படமும் பென்சிலில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. படத்துக்கு அடியில் பெயர் எழுத வேண்டும். எந்தத் தெருவிலும் இல்லாத பெயராக இருக்கட்டும் என்று ராமசுப்பு சொன்னான். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்ததால் வெயிலாள் என்று எழுதினார்கள்.

திங்கட்கிழமை அவள் மற்ற பதினேழு பேரோடு வந்துவிட்டாள்.

தலைமையாசிரியர் சங்கரநயினார் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். உரிய நடவடிக்கை எடுக்கவும் என்று மூன்றாவது வாரம் பதில் வந்தது. அவர் எடுத்த நடவடிக்கை, பதினெட்டுப் பேரையும் ஒரே வளாகத்திலிருந்த தொடக்கப்பள்ளியின் இரண்டாம் வகுப்பில் சேர்க்க வைத்தது. பிறந்த தேதி எல்லோருக்கும் 2000 ஜூன் 1. சாதி என்ற கட்டத்தில் ‘பின்னர் பூர்த்தி செய்யப்படும்’ என்று எழுதினார்கள். சத்துணவு அமைப்பாளர் பதினெட்டு முட்டை கூடுதலாகக் கேட்டு மனுக் கொடுத்தார், முட்டை வந்தது. படத்தில் விரலை எண்ணாமல் போட்டுவிட்டதால் ஒருத்தன் கையில் ஆறு விரல் இருந்தது. கழுத்துப் போட மறந்துபோனதால் ஒருத்தன் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்பினான். ஊர் இரண்டு நாள் பார்த்தது, மூன்றாம் நாள் பார்க்கவில்லை. மினி பஸ் கண்டக்டர் அவர்களுக்கு அரை டிக்கெட் போட்டார்.

சிக்கல் அவர்கள் தூங்கப் போகிற இடத்தில்தான் வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே அந்தக் குழந்தைகள் ஒரு முறை வைத்துக்கொண்டார்கள்: திங்கள், புதன், வெள்ளி காசு சுண்டிய அக்கா வீடு, செவ்வாய், வியாழன், சனி காசு சுண்டிய அண்ணன் வீடு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பள்ளிக்கூட வாசலில் பூவா தலையா போட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். பதினெட்டில் பதினொரு குழந்தைகளுக்கு ஒரு வீடு மேலத்தெருவிலும் இன்னொரு வீடு காலனியிலும் விழுந்திருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வெயிலாள் வெங்கடபதி வீட்டு நடு ஹாலில் போய் நின்று, “தண்ணி குடுங்க,” என்று கேட்டாள். அவர் மனைவி ரெங்கநாயகி ஒரு நிமிஷம் யோசித்து, வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று பார்த்து, பிள்ளை ஏற்கெனவே ஹாலில் நிற்பதைக் கண்டு, வீட்டுச் செம்பிலேயே கொடுத்தாள். அதற்குள் அவள் கண் பிள்ளையின் தாடையில் போய் நின்றுவிட்டது.

“ஏங்க, இந்தக் குழிய எங்க பாத்திருக்கேன்னு சொல்லுங்க பாப்போம்.”

“பென்சில் குழி அது,” என்றார் வெங்கடபதி, தன் தாடையைத் தடவாமல்.

ஒரு மாதத்துக்குள் மேலத்தெருப் பேன் காலனிக்கும் காலனிப் பேன் மேலத்தெருவுக்கும் போய்ச் சேர்ந்தது. பதினொரு தலைகள் ஒருநாள் விட்டு ஒருநாள் தலையணை மாற்றினால் பேனை யார் தடுப்பது? இரு பக்கத்துப் பெண்களும் பேன் சீப்போடு உட்கார்ந்தார்கள், பேன் மருந்து யாரிடம் இருக்கிறது என்று பிள்ளைகள் மூலம் கேட்டனுப்பினார்கள், மருந்து பிள்ளைகள் மூலமாகவே போனது, சீப்பும் போனது, போன சீப்பு திரும்பி வந்தபோது அதோடு ஒரு தூக்கு கருப்பட்டிப் பணியாரமும் வந்தது, பணியாரத்தை என்ன செய்வது என்று மேலத்தெருவில் ஐந்து வீடுகள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் தின்று முடித்தார்கள்.

செப்டம்பர் இரண்டாவது வாரத்தில், பொட்டுக்கண்ணன் என்கிற மாணவன் தன் படத்தில் மூக்கு கோணலாக இருக்கிறதே என்று ரப்பர் எடுத்து அழித்தான். எட்டு நிமிஷத்தில் இரண்டாம் வகுப்பு வாத்தியார் ஆள் அனுப்பினார்: உங்கள் பையனுக்கு மூக்கைக் காணவில்லை, வாயால் மூச்சு விடுகிறான், உடனே வரவும். பொட்டுக்கண்ணன் அவசர அவசரமாகப் புது மூக்கைப் போட்டான். பழைய மூக்கைவிட இது லட்சணமாகத்தான் இருந்தது, ஆனாலும் அந்தப் பையன் எந்த வாசனையும் முன்பு மாதிரி இல்லை என்று தீபாவளி வரைக்கும் குறை சொன்னான். அன்றோடு ஒரு விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டது. படம் இருக்கிற வரைக்கும்தான் பிள்ளை. பதினெட்டு நோட்டுகளும் பிளாஸ்டிக் பைக்குள் போய், வீடுகளின் உயரமான பலகைகளில் ஏறின.

அக்டோபர் 21, ஞாயிற்றுக்கிழமை, வெங்கடபதியின் மூத்த மகளைப் பெண் பார்க்க ராஜபாளையத்திலிருந்து வந்தார்கள். அன்று காசு மேலத்தெருவுக்கு விழுந்திருந்தது. கேசரி தட்டு நடுவில் இருக்கும்போது வெயிலாள் உள்ளிருந்து ஓடிவந்து மாப்பிள்ளையின் அத்தை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இது யாரு பிள்ளை? தாடை அப்படியே சம்பந்தி மாதிரி இருக்கே,” என்றாள் அத்தை.

“நான் இந்த வீட்டுக்கும் காலனிக்கும் பிள்ளை,” என்றாள் வெயிலாள், கேசரியை எடுத்துக்கொண்டே.

வந்தவர்கள் ஊருக்குப் போய் போன் பண்ணுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்; போன் வரவில்லை.

மறுநாள் காலை வெங்கடபதி தலைமையாசிரியர் அறைக்குள் வந்தபோது கையில் ஒரு பெட்டி ரப்பர் இருந்தது, பள்ளிக்கூட வாசல் கடையில் வாங்கிய இருபது ரப்பர் கொண்ட பெட்டி. வகுப்புத் தலைவி என்பதால் இசக்கியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கனகமணி டீச்சர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

“நான் யாரையும் தொடப் போறதில்ல, யாரையும் திட்டப் போறதில்ல,” என்றார் வெங்கடபதி. “ரெக்கார்டு நோட்டுல பாடத்திட்டத்துல இல்லாத படம் இருக்கு. இருக்கக் கூடாது. அழிக்கணும். அவ்வளவுதானே சார்?”

“விதிப்படி அப்படித்தான்,” என்றார் சங்கரநயினார். “ஆனா பக்கத்தைக் கிழிச்சிறக் கூடாது பாத்துக்கிடுங்க. பக்கத்துக்கு நம்பர் போட்ட நோட்டு. ஒரு பக்கம் குறைஞ்சாலும், ஓட்டை விழுந்தாலும் பிள்ளைங்க பரீட்சை எழுத முடியாது. எம் பென்சனும் போயிரும்.”

“கிழிச்சா கேஸு, அழிச்சா திருத்தம். எனக்குத் தெரியாதா? வியாழக்கிழமை காலைல முப்பத்தாறு நோட்டும் இந்த மேசைக்கு வரணும்.”

“நான் வாங்கித் தர மாட்டேன் சார்,” என்றார் டீச்சர்.

“அப்ப மெமோ வாங்கிக்கிடுங்க டீச்சர். பிள்ளைங்களே கொண்டு வரட்டும்.” வெங்கடபதி இசக்கி பக்கம் திரும்பினார். “நீதான் கருத்தப்பாண்டி மகளா? டாக்டருக்குப் படிக்கப் போறியாமே. நல்லாப் படி. டாக்டர் சீட்டு அரை மார்க்குல கால் மார்க்குல போறது. ரெக்கார்டு சுத்தமா இருந்தாத்தான் முழு மார்க்கு.”

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த வருடம் மருத்துவ சீட்டு முழுக்கப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான். காலாண்டுத் தேர்வில் அவள் மாவட்டத்திலேயே நான்காவதாக வந்திருந்தாள். ரெக்கார்டு நோட்டுக்கு ஐந்து மதிப்பெண். கருத்தப்பாண்டி மூட்டை இறக்குகிற லாரி டிரைவர்களிடமெல்லாம், அடுத்த வருஷம் எனக்கு முதுகு வலித்தால் ஊசி போட ஆள் வீட்டிலேயே இருக்கும் என்று சொல்லி வைத்திருந்தார்.

வகுப்புக்குத் திரும்பும் வழியில் வராந்தாவில் வைத்து இசக்கி கேட்டாள்: “டீச்சர், படத்தைப் பேனாவுல போட்டா என்ன ஆகும்?”

“ரெக்கார்டுக்கு மார்க் கிடையாது. முழு நோட்டுக்கும் சைபர்.”

“அழியுமா?”

“பேனா அழியாது,” என்றார் டீச்சர். “மேற்கொண்டு எங்கிட்ட எதுவும் கேக்காத இசக்கி. கேட்டா, போடாதன்னுதான் நான் சொல்லணும்.”

அன்று திங்கட்கிழமை, காலனி முறை. இசக்கியின் அம்மா தங்கத்தாய், வெயிலாளை முழங்காலுக்கு இடையில் பிடித்து உட்கார்த்திப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். இசக்கி எல்லாவற்றையும் சொன்னாள். ஐந்து மதிப்பெண் போனால் எத்தனை பேர் தன்னைத் தாண்டிப் போவார்கள் என்பதையும் சொன்னாள்.

“உனக்கென்ன கிறுக்காட்டி? ஆறு வருஷமா விளக்கு முன்னால உக்காந்தது இதுக்கா?” என்றாள் தங்கத்தாய். ஒரு பேனை எடுத்து நகத்தில் வைத்து நசுக்கினாள். பிறகு, “இன்னைக்கு நம்ம முறை. நாளைக்கு அவுக முறை. வியாழக்கிழமை அழிச்சிருவாகங்கிற. அப்ப வெள்ளிக்கிழமை நம்ம முறைக்கு யாருட்டி வருவா? அதைச் சொல்லு மொதல்ல.”

இசக்கி எழுந்து, பலகையிலிருந்த நோட்டை இறக்கிப் பையில் வைத்தாள்.

புதன்கிழமை மதியம் கடைசி இரண்டு பாடவேளை விலங்கியல். கனகமணி டீச்சர் உள்ளே வந்தார், வருகைப் பதிவேட்டை மூடினார், சாக்பீஸை எடுத்து வகுப்புக்கு முதுகு காட்டி நின்று, ‘படங்கள் பென்சிலில் மட்டுமே வரையப்பட வேண்டும், மையால் வரையப்பட்ட படங்களுக்கு மதிப்பெண் இல்லை’ என்று கரும்பலகையின் மேல் மூலையிலிருந்து எழுதத் தொடங்கினார். எழுதி முடித்ததும் அதற்குக் கீழே மறுபடியும் அதையே எழுதினார். மணியடிக்கிற வரைக்கும் எழுதினார், எண்பது நிமிஷமும் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

இசக்கி பேனாவைத் திறந்தாள், அவளைப் பார்த்து மற்றப் பதினேழு நோட்டுக்காரர்களும் திறந்தார்கள். தொடக்கப்பள்ளியிலிருந்து பதினெட்டுக் குழந்தைகளும் எழுந்து வந்து, அவரவர் படம் இருந்த நோட்டுப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்கள். அவள் முடியிலிருந்து ஆரம்பித்தாள், நெற்றிக்கு வந்தாள், பென்சில் கோட்டின் மேலேயே மயிரிழை பிசகாமல் பேனா போனது, கன்னத்தைத் தாண்டிக் கழுத்துக்கு வந்தபோது வெயிலாள் நெளிந்தாள்.

“வலிக்கா?”

“கூசுது அக்கா, கூசுது.”

அந்தப் பக்கம் ஆறு விரல்காரன் சிரித்தான், விரல் விரலாகப் பேனா போகப் போக அவன் சிரிப்பு ஏறியது, மூக்குக்காரன் தும்மினான், கழுத்தில்லாதவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உடம்போடு திரும்பித் திரும்பிச் சிரித்தான், பதினெட்டுப் பேரின் சிரிப்பும் சேர்ந்து ஜன்னல் கம்பி அதிர்ந்தது, டீச்சர் எழுதிக்கொண்டே இருந்தார்.

இடது காதுக்கு வந்தபோது இசக்கியின் கை நின்றது. ராமசுப்பு வரிசை தாண்டி வந்து வலப்பக்க பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். “இதக் கொஞ்சம் எறக்கிப் போட்டுருவமா? இனிமே மாத்த முடியாது பாத்துக்க.”

“எறக்காதீங்க,” என்றாள் வெயிலாள். “இது எங்காது.”

இருந்த இடத்திலேயே போட்டார்கள். முடித்ததும் ராமசுப்பு தன் நோட்டைத் திறந்தான். அவன் நோட்டில் எந்தக் குழந்தையும் கிடையாது. அவன் மதிப்பெண்ணுக்கு எந்த ஆபத்தும் கிடையாது. தவளையின் இதயத்தின் மேல் பேனாவை வைத்தான்.

“ஏலேய், ஒனக்கு எதுக்குலே இது?” என்றாள் இசக்கி. அவனை ‘ஏலேய்’ என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

“பதினெட்டு நோட்டு மட்டும் பேனாவுல இருந்தா பதினெட்டு பேரைத்தான் குத்தஞ் சொல்லுவாக. எல்லாத்தையும் போட்டுட்டா யாரைச் சொல்லுவாக?”

பின்பெஞ்சுக்காரன் கரப்பான்பூச்சியின் வாயுறுப்பை எடுத்தான். மற்றவர்கள் கல்லீரல் புழுவை, மண்புழுவை, எலும்பு மூட்டை எடுத்தார்கள். மணியடித்தபோது முப்பத்தாறு நோட்டிலும் பென்சில் கோடு என்று ஒன்று இல்லை.

வியாழக்கிழமை காலை முப்பத்தாறு நோட்டுகளையும் இசக்கிதான் தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைத்தாள். வெங்கடபதி அவள் நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் தேடித் திறந்து, ரப்பரை வைத்துத் தேய்த்தார். படத்தைச் சுற்றியிருந்த அழுக்குப் போனது, கோடு இன்னும் பளிச்சென்று ஆனது. இன்னொரு ரப்பர் எடுத்தார். மூன்றாவது ரப்பரில் காகிதம் மெலிந்து மறுபக்கத்து எழுத்து தெரியத் தொடங்கியது.

“போதும், போதும், ஓட்டை விழுந்திரும்,” என்று சங்கரநயினார் நோட்டைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் பயலைக் கூப்பிடுங்க.”

ராமசுப்பு வந்தான். அவன் நோட்டில் தவளையின் இதயம் நீலத்தில் இருந்தது. வெங்கடபதி அதைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

“மார்க்கு போயிரும்லே.”

“போவட்டும்ப்பா.”

“எதுக்குலே?”

“எல்லாருக்கும் போவுதுல்லா.”

வெங்கடபதி மிச்ச ரப்பரைப் பெட்டியோடு மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார். அன்று மேலத்தெரு முறை. சாயங்காலம் வெயிலாள் அவர் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்டாள், ரெங்கநாயகி கொடுத்தாள். அவர் பேப்பரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை, வெளியே போ என்றும் சொல்லவில்லை.

2008 பிப்ரவரி 11 அன்று செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்தார். பத்து நோட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். “என்ன டீச்சர், வகுப்பே பேனாவுல போட்டிருக்கு?”

“ஆமா சார். வகுப்பேதான்.”

“விதி சொல்லலையா?”

“எண்பது நிமிஷம் சொன்னேன் சார்.”

அவர் முப்பத்தாறு சைபர் போட்டார். இசக்கியின் நோட்டுக்குச் சைபர் போடும்போது, ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்த ஒரு சிறுமியையும் நோட்டிலிருந்த படத்தையும் மாறிமாறிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். ஜூன் மாதம் கனகமணி டீச்சருக்கு மாறுதல் வந்தது. ஜூலையில் மருத்துவக் கல்லூரி சீட்டு முடிந்தபோது இசக்கிக்கு ஒன்றே கால் மதிப்பெண் குறைந்திருந்தது. ரெக்கார்டு மதிப்பெண் இருந்திருந்தால் கிடைத்திருக்கும். இதை அவளுக்கு யாரும் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கருத்தப்பாண்டி இரண்டு நாள் கமிட்டிக்குப் போகவில்லை, மூன்றாம் நாள் போனார். இசக்கி திருநெல்வேலியில் லேப் டெக்னீசியன் படித்து, சங்கரன்கோவிலில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அன்றைக்குப் பென்சிலோடு விட்டிருந்தால் டாக்டராகியிருப்பாயே என்று கேட்கிறவர்களின் கையில் அவள் பஞ்சை வைத்து அழுத்திக்கொள்ளச் சொல்கிறாள். அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிடுகிறாள்.

2021 அக்டோபர் 12ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, மேலத்தெருவும் காலனியும் சேர்ந்த உப்போடை ஊராட்சி இரண்டாவது வார்டு உறுப்பினர் தேர்தலில் வெயிலாள், வயது 21, பதினேழு வாக்கு வித்தியாசத்தில் வெற்றி பெற்றதாகத் தேர்தல் நடத்தும் அலுவலர் அறிவித்தார்.